அம்புக்குறி எந்தப் பக்கம்

மேசை முழுக்க வரைபடம். சுருளாமல் இருக்க
மூலைக்கொரு கனம்:
ஸ்டேப்ளர், உப்பு ஜாடி, ஒற்றைப் பூட்ஸ்,
நேற்று வாங்கிக் கல்லாகிப்போன ரொட்டி.

பியெஷ்சாடி மலைப் பூங்காவில்
வழிகாட்டி யாரும் கூட வராமல்
மக்கள் தாமே நடந்து பார்க்க
ஒரு வரலாற்றுப் பாதை போடச் சொல்லியிருக்கிறார்கள்.
நான்கு கிலோமீட்டர், சொச்சம் இருநூறு.
எட்டுக் கம்பம்.
கம்பத்துக்குத் தொண்ணூறு சொல்.
அதற்கு மேல் எழுதினால்
என் சம்பளத்தில் அச்சடிக்க வேண்டும்
என்கிறார் செவெரின். சிரிக்காமல்தான் சொல்கிறார்.

கணவாயில் பேருந்து இறக்கிவிடும்.
அங்கிருந்து பீச் மரக்காட்டுக்குள் இறங்கி
ஆற்றங்கரையில் முடிப்போம்:
வளைந்தோடும் தண்ணீர், புல்வெளி, சூப் விற்கும் கடை,
திரும்பும் பேருந்து.
முழங்காலுக்கும் இதம், புகைப்படத்துக்கும் இதம்.
நடை நேரம் இரண்டு மணி என்று
பென்சிலால் எழுதி வட்டமிட்டேன்.

பார்க்க என்ன இருக்கிறது?
ஒன்று, கல்லறை. ஆறு சிலுவை, ஒன்றுக்குத் தலையில்லை.
இரண்டு, தேவாலயம். தேவாலயம் இல்லை.
அதைச் சுற்றி நட்ட நான்கு லிண்டன் மரங்கள்
நடுவில் எதையோ காப்பதுபோல் இன்னும் நிற்கின்றன.
மூன்று, ஆலைக்கல்.
நான்கிலிருந்து ஏழு வரை வீடுகள்.
வீடுகளும் இல்லை.
காட்டில் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்.
காஞ்சொறி எங்கே ஆளுயரம் மண்டிக் கிடக்கிறதோ
அங்கே மாடு இருந்தது, மனிதர் இருந்தார்கள்.
பீச் மரங்களுக்கு நடுவே ஒரு பிளம் மரம் பூத்தால்
அது கொல்லைப்புறம்.
எட்டு, ஆற்றைக் கடக்கும் துறை.

யூஸ்தினா ஹ்ரின் எல்பிளாங்கில் டிராம் ஓட்டுகிறவள்.
அவள் அப்பாவின் ஊர் இது, யசெனிவ்கா.
அவள் பிறந்தது வடக்கே, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி,
இங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடத்தில்.
ஒருநாள் விடுப்பில் வந்தாள்.
நான் அளவுச் சக்கரத்தை உருட்ட
அவள் பைக்குள் கைவிட்டபடி கூடவே இறங்கினாள்.
கரடி எச்சத்தைப் பார்த்து
"இதற்கு எத்தனை சொல்?" என்றாள்.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான்காம் கம்பத்தில் நின்றுவிட்டாள்.
"அம்பு ஏன் கீழே பார்க்கிறது?"

பேருந்து, முழங்கால், சூப் கடை
எல்லாம் சொன்னேன்.

"இவர்களையும் இதே பக்கம்தான் இறக்கினார்கள்.
நாற்பத்தேழில்.
கீழே வண்டி, அப்புறம் ரயில்.
மூட்டை கட்ட இரண்டு மணி நேரம் கொடுத்தார்களாம்.
நீயும் இரண்டு மணிதானே போட்டிருக்கிறாய்."

கோபமில்லை அவள் குரலில்.
தடம் எண்ணைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று
பணிமனையில் சொல்வதுபோல் சொன்னாள்.
பிறகு, "எங்கள் வண்டியில்
இரண்டு தலையிலும் ஓட்டுநர் இருக்கை உண்டு.
கடைசி நிறுத்தத்தில்
நான் எழுந்து மறுமுனைக்குப் போய் உட்கார்வேன்.
அவ்வளவுதான் வேலை."

அன்றிரவு ரப்பரால் அழித்தேன்.
எட்டு ஒன்றானது, ஒன்று எட்டு.
நான்கும் ஐந்தும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்,
எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டன.
இனி ஆற்றிலிருந்து ஏற வேண்டும்.
செவெரின் கத்தினார்:
மூச்சு வாங்கும், புகார் வரும்,
கணவாயில் மாலைப் பேருந்து ஒன்றுதான்,
சூப் முதலிலேயே தீர்ந்துவிடும்.
எல்லாமே உண்மை.
பேருந்துக்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஹ்ரின் வீட்டுக் கம்பத்துக்கு
நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

ஏறி வந்ததற்கு நன்றி.
இந்தத் தட்டைக் கல் வாசற்படி.
உட்காரலாம். இடப்பக்கம் காஞ்சொறி, கவனம்.
பிளம் பழம் செப்டம்பரில் விழும்,
எடுத்துக்கொள்ளுங்கள்.
நேரக்கணக்கு எதுவும் இல்லை.

மிச்சச் சொற்களுக்கு
பலகையில் இடம் விட்டிருக்கிறது.
செவெரின் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.